ஆம்புலன்சின் பின்பக்கத்தில் யார் இருக்க வேண்டும்?

1966-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் விபத்துச் சாவுகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு தகவல் இன்றைக்குப் படித்தாலும் தூக்கிவாரிப்போடும்: அந்த நாட்டு ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கத் தொழிலில் இருந்த 12,000 பேர். காரணம் சாதாரணமானதுதான். ஒரு மனிதரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளம் அவர்களுடைய வண்டிக்கு இருந்தது. பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் வண்டி மாற்ற வேண்டியதில்லை என்று அந்தக் காலத்துக் குறும்புக்காரர் யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்.

அன்று ஆம்புலன்சுக்கான குறைந்தபட்சத் தகுதி வண்டியின் நீளம். இன்று அது இரண்டு எண்களாகிவிட்டது: வண்டியில் எத்தனை பேர், அவர்கள் எத்தனை மணி நேரம் பயின்றவர்கள். ஒரு நகரமோ மருத்துவமனையோ தொண்டு அமைப்போ இந்த விதியை எழுத உட்காரும்போது பேச்சு பெரும்பாலும் இரண்டாவது எண்ணையே சுற்றி வரும். முதல் எண்ணை அவ்வளவாக யாரும் சீண்டுவதில்லை. எனக்கோ அதில்தான் சண்டையே.

மேஜைக்கு வரும் யோசனைகளைத் திரட்டினால் நான்குக்குள் அடங்கும். ஓட்டுநர் ஒருவர், முதலுதவி படித்த உதவியாளர் ஒருவர் என்பது முதல் வழி. செலவு குறைவு, நிறைய வண்டிகள் ஓடும். ஓட்டுபவர், கவனிப்பவர் இருவருமே அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. நரம்பில் மருந்து ஏற்றவும் மூச்சுக்குழலில் டியூப் போடவும் தெரிந்த பாராமெடிக் ஒருவர் ஒவ்வொரு வண்டியிலும் கட்டாயம் என்பது மூன்றாவது. மருத்துவரோ செவிலியரோ வண்டியிலேயே வர வேண்டும் என்பது நான்காவது. என் ஓட்டு இரண்டாவதற்கு. அதன் மேல் மூன்றாவதைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுநர் எந்தக் கணக்கில்?

'குறைந்தது ஒருவராவது பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்' என்று எழுதப்பட்ட விதிகள் உண்டு. அந்த 'ஆவது' பார்ப்பதற்குச் சாது. ஆனால் மொத்தச் சிக்கலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. இரண்டு பேர் கொண்ட குழு என்று தாளில் இருக்கும். வண்டி கிளம்பியதும் ஒருவர் முன்னால் போய்விடுவார். ஓடும் வண்டியில் நோயாளிக்கு இருப்பது ஒரே ஒருவர். அப்படியென்றால் இருவரும் ஒன்றாக நோயாளியின் பக்கத்தில் இருப்பது எப்போது? வண்டி நிற்கும்போது. வீட்டுக் கூடத்தில், சாலையோரத்தில், மாடிப்படியில். முக்கியமான வேலைகளில் பெரும்பங்கு நடப்பதும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

இதயம் நின்றுபோன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் அழுத்தத்தின் ஆழம் குறைய ஆரம்பிக்கும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று நெறிமுறைகள் சொல்கின்றன. ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் மூச்சுப் பையை அமுக்க வேண்டும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியான டிஃபிப்ரிலேட்டரின் ஒட்டுப்பட்டைகளை மார்பில் ஒட்ட வேண்டும். சிபிஆரும் (மார்பை அழுத்தி மூச்சுக் கொடுப்பது) மின்னதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை கரைகிறது. இந்த நேரத்தில் ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு 'அடுத்து என்ன சார் செய்யணும்?' என்று நின்றால், பின்னால் இருப்பவர் மூன்று வருடம் படித்த பாராமெடிக்காகவே இருந்தாலும் கை இரண்டுதான்.

உறவினர் ஒருவருக்காக ஒருமுறை ஆம்புலன்ஸ் கூப்பிட்டபோது ஓட்டுநர் மட்டும் வந்தார். கூட வர வேண்டியவர் வேறு வண்டியில் போய்விட்டாராம். ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்தது நான். ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் நான். சிலிண்டரின் முள் எங்கே நின்றால் காலி என்று எனக்குத் தெரியாது. ஓட்டுநர் நல்ல மனிதர். பதற்றத்தில் கண்ணாடி வழியாகத் திரும்பத் திரும்பப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எனக்கு அன்று பயம் உறவினரை நினைத்து மட்டும் வரவில்லை. எங்கள் மூவரையும் நினைத்துத்தான் வந்தது.

அதனால் தனி ஆள் வண்டி என்ற பேச்சை நான் ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளவில்லை. நடக்க முடிகிற நோயாளியைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக அது போதும். அதன் மேல் சைரனும் சுழல்விளக்கும் வைக்கக் கூடாது.

முதலுதவியே போதும் என்பவர்கள்

முதல் வழியைச் சொல்பவர்களை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. வட இராக்கிலும் கம்போடியாவிலும் கண்ணிவெடி புதைந்த கிராமங்களில் நார்வே மருத்துவர் ஹான்ஸ் ஹூசுமும் அவருடைய குழுவும் 1997 முதல் 2001 வரை செய்த வேலை இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களுக்கு அவசர சிகிச்சை கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில். அப்படியிருந்தும் படுகாயம் பட்டவர்களில் இறந்தவர்களின் விகிதம் 40 சதவீதத்திலிருந்து 14.9 சதவீதத்துக்கு இறங்கியது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இன்னொரு வேடிக்கை. துப்பாக்கிச் சூடு, கத்திக்குத்து என்றால் அங்கே போலீசாரே காயம்பட்டவரை ரோந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்துவிடுவது பல வருட வழக்கம். 2014-இல் வெளியான ஆய்வு இப்படிப்பட்ட 4,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தது. காயத்தின் கடுமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டபோது, போலீஸ் வண்டியில் போனவர்களுக்கும் ஆம்புலன்சில் போனவர்களுக்கும் இறப்பில் ஒட்டுமொத்த வித்தியாசம் தெரியவில்லை.

இதைக் காட்டி 'பார்த்தீர்களா, பயிற்சியெல்லாம் வீண்செலவு' என்று ஒரு கூட்டத்தில் யாராவது கிளம்பினால், நான் கேட்பது ஒரே கேள்வி: உங்கள் அழைப்புகளில் எத்தனை கத்திக்குத்து? ரத்தம் கண்ணுக்குத் தெரியும். அதை அடைக்க வேண்டும், சீக்கிரம் அறுவைசிகிச்சை மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எவருக்கும் புரியும். ஆம்புலன்சுக்கு வரும் அழைப்புகளோ வேறு மாதிரி. மார்வலி, மூச்சுத்திணறல், வலிப்பு, சர்க்கரை இறங்கிய மயக்கம், பாதிவழியில் பிரசவம், குளியலறையில் விழுந்த முதியவர். இங்கே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி சிகிச்சை. குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்ட ஆள் சர்க்கரைக் குறைவில் கிடக்கலாம். ஒரு பக்கத்துக் கை சோர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர், பக்கவாத நோயாளியை ஸ்கேன் இல்லாத மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு வரலாம். இரண்டு நாள் முதலுதவி வகுப்பில் இது வராது.

அப்புறம், ஹூசுமின் கிராமங்களில் முதலுதவிக்காரர்கள் தனியாக விடப்படவில்லை. அவர்களுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தார், திரும்பத் திரும்ப மறுபயிற்சி இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மணிக் கணக்கு

அடிப்படைப் பயிற்சி என்று சொன்னால் எவ்வளவு? அமெரிக்காவில் இ.எம்.டி. என்கிற அடிப்படைநிலைப் பணியாளருக்குச் சுமார் 150 முதல் 190 மணி நேரம். ஜெர்மனியில் அதற்கு ஈடான நிலைக்கு 520 மணி. இந்த 520-ஐ அங்கே நெடுங்காலம் பிரித்து வைத்திருந்த விதம் எனக்குப் பிடிக்கும்: வகுப்பில் 160, மருத்துவமனையில் 160, ஆம்புலன்ஸ் நிலையத்தில் 160, மிச்சம் 40 மணி நிறைவுப் பாடமும் தேர்வும். வகுப்பில் உட்கார்ந்த ஒவ்வொரு மணிக்கும் நோயாளிகளுக்கு நடுவே இரண்டு மணி.

520 மணி எல்லா இடத்துக்கும் கட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணைக் குறைத்தாலும் இந்த விகிதத்தைக் குறைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். 200 மணிப் பயிற்சி என்றால் அதில் பாதிக்கு மேல் வார்டிலும் வண்டியிலும் போகட்டும். பொம்மையின் மார்பை அழுத்திப் பழகியவருக்கு, பக்கத்தில் மனைவி அலறிக்கொண்டிருக்கும்போது அழுத்துவது வேறு வேலை என்று முதல் நாள்தான் தெரியவரும். அந்த முதல் நாள் ஒரு மூத்தவர் பக்கத்தில் இருக்கும்போது வந்துவிடுவது நல்லது.

பாராமெடிக் வந்தால் எல்லாம் சரியா?

இனி மூன்றாவது வழி. கேட்பதற்கு மறுக்கவே முடியாத யோசனை இது. உயர்ந்த படிப்பு படித்தவர் வந்தால் அதிக உயிர் பிழைக்கும். இதில் என்ன விவாதம்? இப்படித்தான் நானும் நினைத்திருந்தேன், கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைச் சோதித்துப் பார்த்த கதையைப் படிக்கும்வரை.

ஒன்டாரியோவில் 17 நகரங்களில் முதலில் அடிப்படைநிலைக் குழுக்களின் கையில் டிஃபிப்ரிலேட்டரைக் கொடுத்து, அவர்கள் விரைவாகப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தார்கள். அது நிலைபெற்ற பிறகு அதன்மேல் உயர்நிலைச் சிகிச்சையைச் சேர்த்தார்கள்: மூச்சுக்குழாய் டியூப், நரம்பு வழி மருந்துகள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்பியவர்கள் சேர்ப்பதற்கு முன் 5.0 சதவீதம், சேர்த்த பின் 5.1 சதவீதம். 2004-இல் இந்த முடிவு வெளியானபோது பலருக்கு ஜீரணிக்கவே முடியவில்லை. 2008-இல் படுகாயம் பட்டவர்களைப் பற்றிய பகுதி வந்தது. அதில் ஒட்டுமொத்தப் பலன் தெரியவில்லை என்பது போக, ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தவர்களில் பிழைத்தவர்கள் 60.0 சதவீதத்திலிருந்து 50.9-க்குக் குறைந்திருந்தார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நானும் பாதிக் கதை சொல்பவனாகிவிடுவேன். அதே ஆய்வில் மூச்சுத்திணறல் நோயாளிகளின் இறப்பு 14.3 சதவீதத்திலிருந்து 12.4-க்கு இறங்கியது. நூறு பேரில் இரண்டு பேர் என்பது சின்ன விஷயமில்லை. ஆக, உயர்நிலைப் பயிற்சி எல்லா நோய்க்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. சில இடங்களில் நன்றாக உதவுகிறது, சில இடங்களில் நேரத்தைத் தின்கிறது.

ஏன் தின்கிறது என்று யோசித்தால், பழக்கம் விட்டுப்போவது ஒரு முக்கியமான காரணம் என்று எனக்குப் படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பதிவுகளை வைத்து 2005-இல் வந்த ஒரு கட்டுரையில், அங்கே மூச்சுக்குழாய் டியூப் போட அனுமதி பெற்றவர்களைச் செய்த எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்பவர் ஒரு வருடத்தில் அதைச் செய்தது ஒரே ஒரு தடவை. ஏறக்குறைய 39 சதவீதத்தினர் ஒருமுறைகூடச் செய்யவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சமைப்பவர் கையில் கல்யாணப் பந்தியைக் கொடுப்பது போலத்தான் இது. எல்லா வண்டியிலும் பாராமெடிக்கைப் போட்டால், கடினமான நோயாளிகள் அத்தனை பேருக்கும் பங்கு பிரிந்து, யாருக்குமே கை பழகாமல் போகிறது. படித்தவர்களின் எண்ணிக்கை கூடக்கூடத் திறமை மெலிகிறது என்பது முதலில் கேட்கும்போது அபத்தமாகத் தோன்றும்.

சியாட்டில் நகரம் இதைத் தலைகீழாகச் செய்தது. 1970-இல் தொடங்கிய அங்கத்திய சேவையில் பாராமெடிக்குகள் வேண்டுமென்றே குறைவு. 2,000 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி, இருவராகச் செல்வார்கள், கடினமான அழைப்புக்கு மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படைநிலைக் குழு முதலில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அந்தச் சிலருக்குக் கை ஓயாத வேலை, கை மறக்காத வித்தை. யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்தவர்களில் பாதிப்பேர் வரை பிழைத்த வருடங்கள் அந்தப் பகுதிக்கு உண்டு. அதில் பொதுமக்கள் செய்யும் சிபிஆருக்கும் பெரிய பங்கு இருக்கிறது. எல்லாப் புகழையும் பாராமெடிக்குகளுக்கே கொடுத்துவிட முடியாது.

மருத்துவரே வந்தால்?

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1966-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இதயநோய் மருத்துவர் ஃபிராங்க் பேன்ட்ரிஜ், மருத்துவரையும் செவிலியரையும் வண்டியில் ஏற்றி அனுப்பித்தான் நவீன ஆம்புலன்சையே தொடங்கிவைத்தார். அவருடைய முதல் டிஃபிப்ரிலேட்டரின் எடை சுமார் 70 கிலோ. கார் பேட்டரியில் ஓடியது. பிரான்ஸ் இன்றும் கடுமையான அழைப்புகளுக்கு மருத்துவரை அனுப்புகிறது. ஜெர்மனியில் மருத்துவர் தனிக் காரில் வந்து ஆம்புலன்சோடு சேர்ந்துகொள்வார். நெதர்லாந்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர் பின்னால், மருத்துவ உதவிக்கும் பயிற்சி பெற்ற ஓட்டுநர் முன்னால். (நெதர்லாந்துக்காரர்கள் ஓட்டுநரை மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.) மருத்துவர்களும் செவிலியர்களும் போதிய அளவில் உள்ள இடத்தில் இது அருமையான ஏற்பாடு. வார்டிலேயே ஆள் பற்றாக்குறை இருக்கும் இடத்தில் இதைக் குறைந்தபட்சத் தரமாக எழுதினால், முதல் மாதமே விதிவிலக்குக் கேட்டுக் கடிதங்கள் குவியும். மருத்துவர் வண்டியில் வராவிட்டாலும் தொலைபேசியில் கிடைக்க வேண்டும், நெறிமுறைகளை எழுதி அதற்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும்; அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டா, மூன்றா?

ஜப்பானில் ஒரு ஆம்புலன்சுக்கு மூன்று பேர். ஒருவர் ஓட்டினாலும் பின்னால் இருவர். மனசாட்சிப்படி பார்த்தால் இதுதான் சரி. ஆனால் ஆள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு இருக்கையை வருடம் முழுக்க நிரப்ப 8,760 மணி நேரம் வேண்டும். வாரம் 48 மணி, வருடத்தில் 46 வாரம் வேலை செய்பவர் தருவது 2,208 மணி. அப்படியே வகுத்தால் நான்கு பேர். உடம்புக்கு முடியாத நாள், மறுபயிற்சி நாள், இடையில் வேலையை விட்டுப் போகிறவர் என்று சேர்த்தால் ஐந்தை நெருங்கும். இரண்டு இருக்கைக்குப் பத்து பேர், மூன்றுக்குப் பதினைந்து. கையில் முப்பது பேர் இருந்தால் மூன்று வண்டியா, இரண்டு வண்டியா என்பதுதான் உண்மையான கேள்வி. தூரம் அதிகமான பகுதியில் ஒரு வண்டியை இழப்பது மூன்றாவது ஆளை இழப்பதைவிட மோசம். நெருக்கமான நகரத்தில் கணக்கு திரும்பலாம்.

நான் சொல்லும் வழி: இரண்டு பேர் நிரந்தரம், இதயநிறுத்தம், பிரசவம், பலர் காயப்பட்ட விபத்து என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தால் இரண்டாவது வண்டியும் கூடவே கிளம்ப வேண்டும். இதை அனுப்புபவரின் விருப்பத்துக்கு விடாமல் விதியில் எழுத வேண்டும்.

இந்தக் கணக்கில் ஏமாற்ற ஒரு குறுக்குவழி உண்டு. ஐந்து பேருக்குப் பதில் மூன்று பேரை வைத்துக்கொண்டு 24 மணி நேர ஷிஃப்ட் போடுவது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனத்துக்குச் சமமாக மங்குகிறது என்பது 1990-களிலேயே சோதித்துப் பார்த்தது. குடித்துவிட்டு ஆம்புலன்ஸ் ஓட்டுவதை எந்த ஊர் அனுமதிக்கும்? பன்னிரண்டு மணிக்கு மேல் ஷிஃப்ட் கூடாது என்பது ஆட்கள் தொடர்பான தரத்தின் பகுதி. அதைத் தொழிலாளர் நலப் பிரிவுக்குத் தள்ளிவிடக் கூடாது.

விதிவிலக்கும் பழைய ஆட்களும்

எந்தத் தரத்தையும் கொல்வது 'தவிர்க்க முடியாத சூழ்நிலையில்' என்று தொடங்கும் பிரிவு. ஆள் கிடைக்காத தீவும் மலைக்கிராமமும் உண்மைதான். அதற்கு ஜப்பான் செய்ததைப் பாருங்கள். மக்கள்தொகை குறைந்துபோன பகுதிகளிலும் தீவுகளிலும் மூன்றாவது ஆள் மட்டும் 92 மணி நேரப் பயிற்சி பெற்றவராக இருக்கலாம் என்று 2017 முதல் தளர்த்தினார்கள். எந்த இடம், எந்த இருக்கை, எத்தனை மணி என்று மூன்றும் எழுத்தில் இருக்கிறது. மற்ற இரண்டு இருக்கையில் கை வைக்கவில்லை. விதிவிலக்கை இப்படி எழுதினால் அது ஓட்டையாகாமல் கதவாக இருக்கும். யார் நுழைந்தார்கள் என்று எண்ணிவிடலாம்.

பழைய ஆட்களை என்ன செய்வது என்பது இதைவிடச் சங்கடமான விஷயம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற சேவை தொடங்கியது. வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்கு, செயற்கைச் சுவாச முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் சாஃபரின் திட்டப்படி சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் நாட்டுக்கே முன்னோடிகளானார்கள். 1975-இல் நகராட்சியே சேவையை எடுத்துக்கொண்டபோது, அந்த அனுபவசாலிகளில் பலர் புதிய தேர்விலும் நிபந்தனையிலும் வடிகட்டப்பட்டு வெளியே போனார்கள். தரத்தை உயர்த்துகிறோம் என்ற பெயரிலேயே அது நடந்தது.

ஜெர்மனி 2014-இல் ஆம்புலன்ஸ் பணிக்கு மூன்று வருடப் படிப்பைக் கொண்டுவந்தபோது வேறு விதமாகச் செய்தது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்கள் நேரடியாகத் தகுதித் தேர்வு எழுதலாம். அனுபவம் குறைந்தவர்களுக்கு அதற்கேற்ற மணி நேரம் கூடுதல் வகுப்பு. 2020 வரை கொடுத்த கெடுவைப் பிறகு 2023 வரை நீட்டினார்கள்.

இதைப் பார்த்துத்தான் ஓட்டுநர்களுக்கான கெடுவையும் வகுக்கச் சொல்வேன். இன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அடிப்படைப் பயிற்சி முடிக்க இரண்டு வருடம். அதில் அவர் ஏற்கெனவே வண்டியில் கழித்த மணிகளுக்குக் கழிவு. எழுத்துத் தேர்வில் தடுமாறுபவருக்குச் செய்முறைத் தேர்வில் கூடுதல் எடை, அதுவும் அவர் பேசும் மொழியில். அப்புறம் அந்த வகுப்பு நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்பதையும் விதியிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இரவு டியூட்டி முடித்த கையோடு வகுப்புக்கு வந்து, சிபிஆர் பொம்மையின் மேலேயே தலை சாய்த்துத் தூங்குவார். வருகைப் பதிவேட்டில் அது பயிற்சி என்று ஏறிவிடும்.